இடியாப்ப அச்சுக்குப் போணி

காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் அங்கமுத்துவின் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்துவிட்டது. 'இன்றைய விளம்பரத் தொகை பன்னிரண்டு டாலரும் தீர்ந்துவிட்டது.' நேற்றும் இதே நேரம். முந்தாநாளும் இதே நேரம். அவர் கைப்பேசியைத் தூக்கி எவர்சில்வர் அண்டாவுக்குள் போட்டார். அது உள்ளே கிடந்துகொண்டு இன்னொரு தரம் டிங் என்றது.

"பன்னெண்டு வெள்ளி! கடை தொறந்து ஒரு மணி நேரம் ஆகல, பன்னெண்டு வெள்ளியை முழுங்கிட்டு ஏப்பம் விடுது பாரு!"

யாரையும் பார்த்து அவர் கத்தவில்லை. கடையில் அவரைத் தவிர இருந்தவை அடுக்கி வைத்த இட்லிப் பானைகள்தான்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்தப் பாத்திரக் கடை. அகலம் எட்டே அடி. அந்த எட்டடியில் முப்பத்தொரு வருடம் நின்று வியாபாரம் செய்வது லேசுப்பட்ட காரியமா? அங்கமுத்து செய்திருக்கிறார். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வெங்காய மூட்டை இறக்கினார். தள்ளுவண்டியில் தட்டும் டம்ளரும் விற்றார். பிறகு இந்தக் கடை, கிளமெண்டியில் நாலறை வீடு, மகளுக்கு யுனிவர்சிட்டிப் படிப்பு. ஒன்றுக்குக்கூட இன்னொருவன் வாசலில் போய் நிற்கவில்லை. இதையெல்லாம் அவரே சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். சொல்லட்டுமே, செய்தவன்தானே சொல்ல முடியும்?

இத்தனை பார்த்த மனிதரைத்தான் உள்ளங்கை அகலக் கைப்பேசிக் கண்ணாடி ஒன்று இரண்டு மாதமாக ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது.

விஷயம் ஓர் இடியாப்ப அச்சு. அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கு வலது மணிக்கட்டில் வலி. மாவைப் பிழிந்தால் அன்று முழுக்கக் கையைத் தூக்க முடியாது. கடை நிறைய அச்சு வைத்திருக்கும் மனிதருக்கு வீட்டில் இடியாப்பம் இல்லை என்றால் எப்படி இருக்கும்? ஒருநாள் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அங்கமுத்துவே படம் போட்டார். மேலே குழாய் திருகுவதுபோல் ஒரு கைப்பிடி. திருகத் திருக மாவு தானாக இறங்கும். கீழே வழுக்காமல் இருக்க மூன்று ரப்பர் கால். எஞ்சினியர் யாரும் பக்கத்தில் இல்லை. தமிழ்நாட்டில் தெரிந்த பட்டறைக்குப் படத்தை அனுப்பினார். செய்து காட்டினார்கள்; பஞ்சவர்ணம் ஒற்றைக் கையால் திருகினாள்; பஞ்சுபோல் விழுந்தது.

ஆனால் பட்டறைக்காரன் முந்நூறுக்குக் குறைந்து செய்ய மாட்டேன் என்றுவிட்டான். "முந்நூறு என்ன முந்நூறு, மூணு வாரத்துல போயிரும்" என்றார் அங்கமுத்து. முப்பது அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. எட்டடிக் கடையில் எங்கே வைப்பது? கிளமெண்டி வீட்டில், கல்யாணமாகிப் போன மகள் நிவேதிதாவின் அறை காலியாகத்தானே கிடந்தது. அங்கே ஏற்றினார். கட்டிலுக்கு மேல், கட்டிலுக்குக் கீழ், அலமாரிக்கு முன்னால். ஜன்னல்கூட பாதிதான் தெரிந்தது.

பெட்டி வந்த பதினோராவது நாள் நிவேதிதா நல்ல செய்தி சொன்னாள். ஆகஸ்ட் கடைசியில் ஏழாம் மாத வளைகாப்பு. வளைகாப்பு முடிந்த கையோடு பிள்ளைத்தாய்ச்சி தாய்வீட்டுக்கு வந்துவிட வேண்டும்; பிள்ளை பிறந்து மூன்று மாதம் வரை அங்கேதான். எந்த அறைக்கு? அந்த அறைக்குத்தான்.

"எம்பொண்ணு வர்றதுக்குள்ள அந்த ரூம்ல ஒரு பெட்டி இருக்கக்கூடாது" என்றாள் பஞ்சவர்ணம். "இருந்துச்சு, நான் என் பொண்ணு வீட்டுக்குப் போயி அங்க பிரசவம் பாத்துக்குவேன். நீங்க உங்க அச்சுங்களோட இங்க குடும்பம் நடத்துங்க."

மாப்பிள்ளை வீட்டில் போய் மனைவி பிரசவம் பார்ப்பதா? தன் மகளுக்குத் தன் வீட்டில் இடமில்லையா? சிராங்கூன் ரோடு முழுக்கச் சிரிக்காதா? அங்கமுத்துவுக்கு அதை நினைத்தாலே காது சுட்டது.

அதனால்தான் ஆன்லைனுக்கு இறங்கினார். மாப்பிள்ளை சுரேந்தர் துவாஸ் துறைமுகத்தில் திட்டப் பிரிவில் வேலை பார்ப்பவன்; கம்ப்யூட்டர் தெரிந்தவன். எல்லாரும் கைப்பேசியில் வாங்குகிற அந்த இணையச் சந்தை ஆப்பில் மாமனாருக்கு ஒரு கடை திறந்து கொடுத்தான். பொருளுக்குப் பெயர் வைத்தது மட்டும் அங்கமுத்து: 'அங்கமுத்து சூப்பர் டீலக்ஸ் ஸ்டீல் இடியாப்பம் பிரஸ்'. கூடவே விளம்பரமும் போட்டான். யாராவது தேடினால் அச்சின் படம் முதல் வரிசையில் வரும். வருவதற்குக் காசில்லை. அதை ஒருவர் கிளிக் செய்து உள்ளே வந்தால் ஐம்பத்தைந்து காசு.

"வாங்கினாலும் வாங்காட்டியும் காசா?"

"ஆமா மாமா. கடை வரைக்கும் ஆள் கூட்டிட்டு வர்ற கூலின்னு வச்சுக்குங்க."

"சரி. ஆளு வந்தா நான் பாத்துக்கிறேன்."

ஆள் வந்தது. அதுதான் எரிச்சல். தினமும் இருபதுக்கு மேல் ஆள் வந்தது, ஒன்பதரைக்குள் வந்தது, பார்த்துவிட்டுப் போனது. இரண்டு மாதத்தில் விற்றது முப்பத்தெட்டு. நேரில் ஒருத்தி கடைக்குள் காலை வைத்தால் வெறுங்கையோடு அனுப்பாத மனிதர் அவர். கரண்டி கேட்டு வந்தவளுக்குக் குக்கர் விற்றிருக்கிறார். இங்கே வந்தவர்களின் முகமும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. யாரைப் பிடித்து உலுக்குவது?

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். வியாபாரத்தில் அங்கமுத்து எதை விட்டாலும் போணியை விடமாட்டார். நாளின் முதல் வியாபாரம் ராசியான கையால் நடக்க வேண்டும். நடந்தால் அன்று கல்லாப்பெட்டி மூடாது. தேக்கா சந்தையில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஹனீபாவுக்கு அப்படிப்பட்ட கை. அவர் ஒரு டீ வடிகட்டி வாங்கிய அன்று, அங்கமுத்து ஒரே பகலில் பதினாறு அண்டா விற்றார். அன்றிலிருந்து முப்பது வருடமாக ஹனீபாவின் கைக்குத் தேக்காவில் தனி மரியாதை.

ஆன்லைன் கடையும் கடைதானே? அதற்கும் போணி வேண்டாமா? காலை எட்டரைக்குக் கடையில் சூடம் காட்டிவிட்டு, அங்கமுத்து சந்தைக்குள் போவார். ஹனீபா கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து, பிஸ்மில்லா சொல்லி, அச்சின் முழுப் பெயரையும் டைப் செய்து, விளம்பரத்தை ஓர் அமுக்கு அமுக்குவார். முதல் ஆள் அவர். பிறகு சுற்றி தே தாரிக் என்கிற இழுத்த டீ குடித்துக்கொண்டிருக்கும் கூட்டம். ஒரே கைப்பேசியில் திரும்பத் திரும்ப அமுக்கினால் ஆப் கணக்கில் எடுப்பதில்லை என்று அங்கமுத்துவே கண்டுபிடித்து வைத்திருந்தார். அதனால் ஆளுக்கு ஓர் அமுக்கு. காய்கறிக்காரர், பூக்காரர், தையல்காரர், அவருடைய மச்சான் என்று பதினெட்டு பேர். கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் கூட்டம் வரும் என்பது முப்பத்தொரு வருடப் பாடம். திங்கட்கிழமை ஹனீபாவுக்கு விடுமுறை. ராசிக்கை இல்லாமல் தொடங்கக்கூடாது என்பதால் அன்று மட்டும் கிடையாது.

இதை அவர் சுரேந்தரிடம் சொல்லவில்லை. தொழில் ரகசியம். மாப்பிள்ளையே ஆனாலும் தொழில் ரகசியம் தொழில் ரகசியம்தான்.

ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரேந்தர் ஒரு தாளோடு கிளமெண்டிக்கு வந்தான். நிவேதிதாவும் வந்தாள். அறையை எட்டிப் பார்த்தாள்.

"ப்பா, எம்பிள்ளைக்குத் தொட்டில் எங்க கட்டுறது? அட்டைப்பெட்டி மேலயா?"

"அதெல்லாம் பறந்துரும்மா. நீ ஏன் கவலைப்படுற?"

"ரெண்டு மாசமா பறக்குதுப்பா. இன்னும் இருபத்தாறு பெட்டி ரன்வேலயே நிக்குது."

சுரேந்தர் தாளை விரித்தான். "மாமா, இது போன மாசத்து ரிப்போர்ட். ஜனங்க ஆப்ல என்ன வார்த்தையை டைப் பண்ணித் தேடினப்ப உங்க விளம்பரம் வந்துச்சு, அதுல எத்தன பேரு கிளிக் பண்ணாங்க, எத்தன பேரு வாங்கினாங்க, எல்லாம் இருக்கு. இதை வச்சு எந்த வார்த்தைக்குக் காசு போடலாம், எதை நிறுத்தலாம்னு பாக்கணும். ஆனா முதல் லைன்தான் எனக்குப் புரியல லா."

அங்கமுத்து கண்ணாடியை மாட்டினார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் இந்த வரியை எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. 'அங்கமுத்து சூப்பர் டீலக்ஸ் ஸ்டீல் இடியாப்பம் பிரஸ்.' பக்கத்தில் கிளிக்: நானூற்று அறுபத்தெட்டு.

அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வர்ணம்! இங்க வா! நானூத்தி அறுபத்தெட்டு பேரு! என் பேரைச் சொல்லித் தேடியிருக்கான் சிங்கப்பூர்ல!"

"மாமா, ஆனா யாரு மாமா இவ்வளவு நீளமா டைப் பண்ணுவா? நானே ஷூ வாங்கணும்னா ஷூன்னு மட்டும்தான் போடுவேன்."

"பேரு நல்லா இருந்தா பண்ணுவான். ஷூவுக்கு என்ன பேரு இருக்கு?"

"சரி, ஆனா நானூத்தி அறுபத்தெட்டுல ஒருத்தர்கூட வாங்கல. சீரோ."

"யோசிக்கிறாங்க மாப்பிள்ளை. நல்ல சாமானை யோசிச்சுத்தான் வாங்குவாங்க. பிளாஸ்டிக் வாளியா, பாத்த உடனே தூக்கிட்டுப் போறதுக்கு?"

சுரேந்தர் மனைவியைப் பார்த்தான். நிவேதிதா தோளைக் குலுக்கினாள். தாளின் மற்ற வரிகளைக் காட்ட அவன் விரலை வைத்தான். அங்கமுத்து தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எம்பேருக்கு இவ்வளவு கிராக்கின்னா அதுக்கே இன்னும் காசைப் போடுங்க. ஒரு நாளைக்கு இருபது வெள்ளி. கிளிக்குக்கு எழுபது காசு. பேரு எப்பவும் உச்சியில நிக்கணும்."

"மாமா..."

"போடுங்க மாப்பிள்ளை. வியாபாரம் நான் பாக்காததா?"

மறுநாளே அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வந்தவர் போனவர் எல்லாரையும் நிறுத்திக் காட்டினார். தேக்காவில் செய்தி பரவியது. அங்கமுத்துவின் பெயரைச் சிங்கப்பூரே தேடுகிறதாம்! பெருமையில் பங்கெடுக்கப் புதிதாக எட்டுப் பேர் காலைக் கூட்டத்தில் சேர்ந்தார்கள். இப்போது இருபத்தாறு பேர் வரிசையாக அமுக்கினார்கள். இருபது வெள்ளி ஒன்பதே காலுக்குத் தீர்ந்தது.

ஆகஸ்ட் பிறந்தது. அறையில் இன்னும் இருபத்துநாலரைப் பெட்டி.

அங்கமுத்துவின் எரிச்சல் இப்போது எல்லார் மேலும் பாய்ந்தது. ஆப்காரன் திருடன். ஜனங்களுக்குக் கை வரவில்லை, கண் மட்டும் வருகிறது. மாப்பிள்ளை சரியாகப் படம் எடுக்கவில்லை. கடையில் ஒரு சீன ஆண்ட்டி மூடியைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு வைத்ததற்கு, "வாங்குறதுன்னா தொடுங்க, இல்லாட்டி போட்டோ எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் வாடிக்கையாளரை அவர் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. நல்லவேளை, அந்த ஆண்ட்டிக்குத் தமிழ் தெரியாது.

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பஞ்சவர்ணம் அறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தாள். விற்றதைப் பொட்டலம் கட்டுவது அவள் வேலை. கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுச் சாப்பிட வந்திருந்த அங்கமுத்து வாசலில் நின்றார்.

"எத்தன?"

"ஆறு." அவள் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்தாள். "ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். நான் ஏன் செவ்வாக்கிழமை மட்டும் பார்சல் கட்டுறேன்?"

"ஆர்டர் வந்தா கட்டுற."

"அதான். ஆர்டர் எல்லாம் திங்கக்கிழமையே வருது. போன வாரம் அஞ்சு, எல்லாம் திங்க. அதுக்கு முந்தி நாலு, திங்க. புதன்ல ஒண்ணு, அது நம்ம நிவேதிதா ஃபிரண்டு." அவள் தன் கைப்பேசியை எடுத்தாள். "மாப்பிள்ளைகிட்ட நாள்வாரியா அந்த லிஸ்ட்டைக் கேட்டு வாங்கினேன். உங்க பேரைத் தேடுற நானூத்தி அறுபத்தெட்டு பேரு இருக்காங்களே, அவங்க திங்கக்கிழமை மட்டும் ஒருத்தர்கூட தேடல. ஏன், திங்கக்கிழமை சிங்கப்பூர்ல உங்களை எல்லாரும் மறந்துடுவாங்களா?"

"லீவா இருக்கும்."

"யாருக்கு லீவு?"

அங்கமுத்து வாயைத் திறந்தார். ஹனீபாவுக்கு என்று சொல்ல வந்தவர் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தெட்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குச் சொல்லாததும் கேட்கும்.

"தேடுறது எல்லாம் காலையில எட்டே முக்காலுக்கும் ஒன்பதே காலுக்கும் நடுவுல" என்றாள் அவள். "அந்த நேரத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

"சந்தையில. போணிக்கு."

"என்ன போணி?"

அவர் சொன்னார். தொழில் ரகசியம் என்று ஆரம்பித்து, ஹனீபாவின் கை, பதினெட்டு பேர், பிறகு இருபத்தாறு பேர் என்று முழுவதையும் சொன்னார். பெருமையாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

பஞ்சவர்ணம் ஒட்டுநாடாவைக் கீழே வைத்தாள்.

"ஒரு அமுக்குக்கு எவ்வளவு?"

"எழுபது காசு."

"யாரு யாருக்குக் குடுக்கிறது?"

"நாமதான் ஆப்புக்கு..." அங்கமுத்து நிறுத்தினார்.

கீழே எங்கோ பஸ் ஒன்று பிரேக் போட்டது.

"அப்ப நம்ம காசைக் குடுத்து, நம்ம ஆளுங்களைக் கூப்பிட்டு, நம்ம கடைக்குள்ள எட்டிப் பாக்கச் சொல்லி, தே தாரிக்கும் வாங்கிக் குடுத்து அனுப்பியிருக்கீங்க. நெசமா வாங்க வர்றவன் பத்து மணிக்கு வந்தா நம்ம படமே இருக்காது. திங்கக்கிழமை மட்டும் பாய் லீவுல இருந்ததால நாலு அச்சு வித்திருக்கு." அவள் அடுத்த பொட்டலத்தை எடுத்தாள். "பாய் ஒரு மாசம் ஹஜ்ஜுக்குப் போயிருந்தா இந்த ரூம் காலியாயிருக்கும்."

அங்கமுத்து சாப்பிடவில்லை. ரசம் ஆறிப்போனது.

மறுநாள் காலை எட்டரை. ஹனீபா கைப்பேசியை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். கூட்டமும் தயார்.

"பாய், வைங்க கையை!"

"வைக்கத்தானே அண்ணே போறேன். பிஸ்..."

"வைங்கன்னா கீழ வைங்க பாய்! அமுக்காதீங்க! ஒருத்தரும் அமுக்கக்கூடாது! உங்க ராசிக்கையால எனக்கு எழுநூறு வெள்ளி போச்சு!"

ஹனீபாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன அண்ணே இது? அமுக்குங்கன்னு சொன்னது யாரு? மீ கோரெங்கைத் தீய விட்டுட்டு வந்து அமுக்கினேன். நான் மட்டுமா? என் மருமகன் உட்லண்ட்ஸ்லேருந்து அமுக்குறான். என் பொண்டாட்டி தொழுகை முடிச்ச கையோட அமுக்குறா."

"வீட்லயுமா?"

"அண்ணனுக்கு நல்லது நடக்கட்டும்னுதான்!"

அங்கமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பூக்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இன்னிக்கு தே தாரிக் இல்லியா?"

கடைக்கு வந்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தாளை அவர் பிடுங்கினார். கிழிக்கப் பார்த்தார், பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. நல்லதாகப் போயிற்று. கண்ணில் பட்டது இரண்டாவது வரி. இத்தனை நாள் முதல் வரிக்குக் கீழே அவர் பார்வை இறங்கியதே இல்லை.

எழுத்துக்கூட்டிப் படித்தார். பூத்து மாயாம் என்றால் மலாயில் இடியாப்பம். 'பூத்து மாயாம் ஃபுரோசன்', அறுபத்தொரு கிளிக், விற்பனை இல்லை. 'பூத்து மாயாம் டெலிவரி', முப்பத்துநாலு கிளிக், விற்பனை இல்லை. பசியோடு தேடுகிறவன் கண்ணுக்கு இடியாப்பம் பிழிகிற படம் தெரிந்தால் அமுக்கத்தான் செய்வான். சாப்பாடு தேடி வந்தவனிடம் இரும்பை நீட்டினால் வாங்குவானா? அதற்குக் கீழே, 'பூத்து மாயாம் மோல்டு', இருபத்திரண்டு கிளிக், ஏழு விற்பனை. 'இடியாப்பம் மேக்கர்', பதினாலு கிளிக், நாலு விற்பனை. 'பூத்து மாயாம் பிரஸ் ஈஸி', மூன்று கிளிக், ஒரு விற்பனை.

அங்கமுத்து கல்லாவில் சாய்ந்து நின்றார். பூத்து மாயாம். இந்தக் கடையில் முப்பத்தொரு வருடமாக மலாய்க்கார அம்மாக்கள் வந்து கேட்பது அதைத்தானே? 'ஆச்சுவான் பூத்து மாயாம் அடா?', இடியாப்ப அச்சு இருக்கிறதா, என்று கேட்பார்கள். 'அடா, காக், அடா', இருக்கு அக்கா, என்று எடுத்துக் கொடுப்பார். சீனர்கள் வந்தாலும் அந்தப் பெயர்தான். ஆரஞ்சுச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்து ஊரே காலையில் சாப்பிடுகிற பண்டத்துக்கு ஊரே வைத்திருக்கிற பெயர். கடையில் நின்றால் அவர் வாய் தானாகச் சொல்லும். ஆப்பில் பெயர் வைக்கும்போது மட்டும் தன் பெயரைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள ஒரு வருடம் எடுத்துக்கொள்வார்கள். அங்கமுத்து ஒரு கோப்பி குடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு துவாஸுக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, எழுதிக்குங்க. ஃபுரோசன்னு எவன் தேடினாலும் நம்ம படம் வரக்கூடாது. டெலிவரி, ரெசிப்பி, அதுக்கும் கூடாது. அப்படிச் செய்ய முடியுமா?"

"முடியும் மாமா. அதைத்தான் அன்னைக்கே சொல்ல..."

"அன்னைக்குச் சொன்னதை விடுங்க. காசு முழுக்க பூத்து மாயாம் மோல்டு, பூத்து மாயாம் பிரஸ், இடியாப்பம் மேக்கர், இந்த மூணுக்கு. வீடியோ ஒண்ணு போடுங்க; உங்க அத்தை ஒத்தைக் கையால திருகுற மாதிரி. முகம் வேணாம், கை மட்டும். மணிக்கட்டுல வலி இருக்கறவங்க அதைப் பாத்தா வாங்குவாங்க."

"சூப்பர் மாமா. அப்புறம் தலைப்பு? அதுல பூத்து மாயாம் முதல்ல வந்தாத்தான் நல்லது. இடம் பத்தாது..."

அங்கமுத்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்தார்.

"எம்பேரை எடுத்துருங்க" என்றார். "சூப்பர் டீலக்ஸையும் எடுத்துருங்க. மூடி மேல பொறிச்சிருக்கு. வாங்கினவன் படிச்சுக்கட்டும்."

அந்த வாரமே பஞ்சவர்ணம் வியாழக்கிழமையும் பொட்டலம் கட்டினாள். வெள்ளிக்கிழமையும் கட்டினாள். சனிக்கிழமை அவளுக்கு ஒட்டுநாடா தீர்ந்துபோய், அங்கமுத்து கடையைப் பாதியில் விட்டுவிட்டு வாங்கி வர வேண்டியிருந்தது. அதற்கும் எரிந்து விழுந்தார். பிடோக்கிலிருந்து ஒருவர், கேலாங் சிராயிலிருந்து ஒரே ஆள் ஆறு. 'கை வலிக்கல, மாமா கெட்டிக்காரர்' என்று மலாயில் யாரோ எழுதியிருந்ததைச் சுரேந்தர் படித்துச் சொன்னபோது, நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிளாஸ்டிக் உறை போடலாமா என்று கேட்டதற்குப் பஞ்சவர்ணம் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அடங்கியது.

ஆனால் காலை எட்டரை மணிதான் பெரிய தண்டனை. போணி இல்லாமல் வியாபாரம் ஓடுவதை அவரால் தாங்க முடியவில்லை. விரல் துறுதுறுவென்று வரும். கைப்பேசியைக் கல்லாவில் பூட்டிவிட்டு, சாவியை ஹனீபாவிடம் கொடுத்துவிடுவார். பத்து மணிக்கு வாங்கிக்கொள்வார்.

வளைகாப்புக்கு முதல் நாள் எண்ணிப் பார்த்தார்கள். நான்கு பெட்டி, நாற்பது அச்சு. மூன்றரை வாரத்தில் இருநூற்றுக்கு மேல் போயிருந்தும், நான்கு பெட்டி அலமாரிக்கு முன்னால் அசையாமல் நின்றது.

"இன்னும் ஒரே ஒரு வாரம் குடு வர்ணம்."

"நாளைக்கு அவ வர்றா. ஒரு பெட்டி இருக்கக்கூடாதுன்னேனா இல்லியா?" பஞ்சவர்ணம் தாம்பூலப் பைகளை எடுத்துப் பரப்பினாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், வளையல். "எத்தன பொம்பளைங்க வர்றாங்க?"

"முப்பத்தொன்பதோ நாப்பதோ." அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏய், அது ஒண்ணு இருபத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு!"

"ரவிக்கைத் துணிக்குப் பதிலா வைக்கிறேன். பிடிங்க பையை."

ஞாயிற்றுக்கிழமை பிளாக்கின் கீழ்த்தளத்தில் வளைகாப்பு. நிவேதிதா இரண்டு கை நிறைய வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாடியில் அவள் அறை காலி. கட்டிலுக்குப் புது விரிப்பு, ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. கனத்த தாம்பூலப் பைகளைத் தூக்க முடியாமல் பெண்கள் சிரித்தார்கள். அங்கமுத்து சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொருவராகப் போய், "நானே படம் போட்டது. எஞ்சினியர் கிடையாது" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

சுரேந்தரின் அப்பாவோடு பிறந்த அத்தை பையிலிருந்து அச்சை எடுத்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தார். "அட, உங்க பேரே போட்டிருக்கே சம்பந்தி! ஆன்லைன்ல என்ன விலைக்குக் குடுக்கிறீங்க? இருங்க, பாக்குறேன்." கைப்பேசியை எடுத்து ஏதோ டைப் செய்தார். "ஆங், இந்தா முதல்லயே வந்துடுச்சு. விளம்பரம்னு போட்டிருக்கு." விரல் இறங்கியது.

"அமுக்காதீங்க சம்பந்தி!"

கீழ்த்தளம் முழுக்கத் திரும்பியது. சந்தனக் கிண்ணம் அங்கமுத்துவின் கையில் ஆடி, வேட்டியில் ஒரு கோடு விழுந்தது. அத்தையின் விரல் அப்படியே நின்றது. நிவேதிதா வளையல் குலுங்கச் சிரித்தாள். "அப்பா, எழுபது காசுப்பா! விடுங்கப்பா!"

"எழுபது காசு சும்மாவா வருது? வேணும்னா எங்கிட்ட கேளுங்க, நான் விலை சொல்றேன். கீழ ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க, விளம்பரம் இல்லாம இன்னொரு தடவை வரும், அதை அமுக்குங்க. அதுக்குக் காசு இல்ல!"

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றிருந்த ஹனீபா, யாரும் சொல்லாமலேயே, தன் வலது கையை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.